காமிராவுக்குப் பக்கத்தில் நின்றவர்

இருபத்தாறு வருஷ நடிப்பில் ஹார்லன் விடெக் ஊருக்கு அதிகம் காட்டியது தன் முதுகைத்தான். இரண்டு பேர் பேசுகிற காட்சி என்றால் காமிரா அவருக்குப் பின்னால் வந்து நின்றுகொள்ளும். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, எதிரே இருக்கும் கதாநாயகனின் முகத்தைப் பிடிக்கும். திரையின் ஓரத்தில் ஒரு காது, கொஞ்சம் கழுத்து, பாதித் தோள் தெரியும். அந்தப் பாதித் தோளுக்குச் சொந்தக்காரர்தான் ஹார்லன். அவர் மனைவி நோரீன் டிவி முன்னால் உட்கார்ந்தால் அவர் முகத்தைத் தேடுவதையே விட்டுவிட்டாள்.

"அதோ வந்துடுச்சு பாரு, உன் சொட்டை! வாராவாரம் பெருசாயிட்டே போகுது."

"அது லைட்டு."

"லைட்டாம். லைட்டு மேல பழியப் போடு."

ஹார்லன் நெப்ராஸ்காவில் தானியக் கிடங்கு வைத்திருந்தவரின் மகன். பட்டாளத்திலிருந்து வந்ததும் பஸ் ஏறி லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்துவிட்டார். வந்த நேரம் நல்ல நேரம்தான்; டிவியில் எந்தப் பக்கம் திருப்பினாலும் குதிரைக் கதை ஓடிக்கொண்டிருந்த காலம் அது. குதிரையிலிருந்து சுடப்பட்டு விழுவதற்கு தினம் பத்துப் பேர் தேவைப்பட்டார்கள். ஹார்லன் அழகாக விழுவார். விழுந்தவர் எழுந்து, வேறு தொப்பி மாட்டிக்கொண்டு, மதியத்துக்கு மேல் இன்னொரு கும்பலில் சேர்ந்து மறுபடி விழுவார். அப்புறம் குதிரைகள் ஓய்ந்து போலீஸ் கதைகள் வந்தன. குதிரையிலிருந்து விழுந்துகொண்டிருந்தவர் மாடிப்படியிலிருந்து விழ ஆரம்பித்தார். முடி நரைத்ததும் விழுவது நின்றது. மதுக்கடைக்காரர், நீதிபதி, பிணத்தை மூடியிருக்கும் துணியை விலக்கிக் காட்டும் டாக்டர் என்று பதவி உயர்ந்தது. "எங்களால முடிஞ்சதச் செஞ்சோம், மன்னிக்கணும்" என்ற வசனத்தை அவர் எத்தனை டாக்டர்களாகச் சொல்லியிருப்பார் என்பது அவருக்கே தெரியாது.

இந்த வேலைக்கென்று சில நடைமுறைகள் உண்டு. நேரத்துக்கு வர வேண்டும். வசனம் மனப்பாடமாக இருக்க வேண்டும். நிற்க வேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் ஒட்டியிருக்கும் நாடாவின் மேல் கீழே பார்க்காமல் வந்து நிற்க வேண்டும். நட்சத்திரத்தைவிட நன்றாக நடித்துத் தொலைக்கக் கூடாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அனுபவப்பட்டவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது. எப்போதும் நட்சத்திரத்தின் முகத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். அப்போது எதிராளி காமிராவை ஒட்டி நின்றுகொண்டு தன் வசனத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் வசனத்தை மட்டும் கொடுக்க வேண்டும், உயிரைக் கொடுத்துவிடக் கூடாது. உயிரை மூட்டை கட்டி மடியில் வைத்துக்கொண்டு, காமிரா நம் பக்கம் திரும்பும்போதுதான் அவிழ்க்க வேண்டும். ஹார்லன் இதை ஒருநாளும் மீறியவரில்லை. ஆனால் என்ன, மூட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்ததுதான் மிச்சம். காமிரா திரும்பும் நேரத்துக்குப் பொழுது போயிருக்கும். "பரவாயில்ல ஹார்லன், எல்லாரும் தெரியற அகல ஷாட்டுலயே நீங்க நல்லா வந்திருக்கீங்க, அது போதும்" என்று சொல்லிவிடுவார்கள். எதிரே வசனம் சொல்ல வேண்டிய நட்சத்திரம் அதற்குள் தன் ஓய்வு வண்டிக்குப் போய்க் காலை நீட்டியிருப்பார்.

இப்படியே ஐம்பத்தைந்து வயது ஆகிவிட்டது.

நோரீன் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். வீடு ஓடியது பெரும்பாலும் அவளால்தான். அதை அவள் சொல்லிக்காட்டியதில்லை, ஹார்லனும் மறந்ததில்லை. அவள் தம்பி ரஸ், வடக்கே பாய்சி என்ற ஊரில் பெயின்ட் கடை வைத்திருந்தான். கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மேலே ஒரு வீடும் காலியாக இருந்தது.

"நான் பெயின்ட்டா விக்கறது?" என்றார் ஹார்லன்.

"ஏன், கேவலமா? பெயின்ட் வாங்க வர்றவன் உன் முகத்தப் பாத்துத்தான்யா வாங்குவான். இங்க யாரு பாக்கறா?"

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவள் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்.

அந்த வருஷக் கோடையில்தான் ஏஜென்ட் பேர்ல் கெஸ்லர் போன் செய்தாள். செருப்புக் கடை மாடியில் ஒரே அறையில் ஆபீஸ் வைத்திருந்த பொம்பளை. அவளிடம் இருந்த நடிகர்கள் எல்லோருமே ஹார்லன் மாதிரிதான். பாதித் தோள்களை வைத்து வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"உக்காந்திருக்கியா, நின்னுக்கிட்டிருக்கியா?"

"படுத்திருக்கேன்."

"எழுந்திரு. முகம், ஹார்லன், முகம்! டிவிக்கு எடுக்கற முழுப் படம். அப்பா வேஷம். விவசாயி. வீட்ட விட்டுப் போன பொண்ணு திரும்பி வர்றா. சமையலறை மேசை முன்னால உக்காந்து நீ பேசற, அவ கேக்கறா. ஒன்றரைப் பக்க வசனம். குளோசப் எடுக்கறேன்னு டைரக்டர் அவர் வாயாலயே சொல்லியிருக்காரு."

"எப்ப சாவறேன்?"

"சாவல. படம் முடிஞ்சும் உயிரோட இருக்க. போதுமா? இந்த ஒரு முகத்த என் கையில குடு, அடுத்த அஞ்சு வருஷத்துக்கு ஊர்ல இருக்கற அப்பா வேஷத்தையெல்லாம் உனக்கே வாங்கித் தர்றேன்."

போனை வைத்த பிறகு நோரீனிடம் சொன்னார். அவளுக்கும் ஆசை இருந்தது, அதை மறைக்கத்தான் மேசையைத் துடைத்தாள்.

"சரி. பண்ணு. நல்லாப் பண்ணு. ஆனா இதுக்கப்புறமும் போன் அடிக்கலன்னா ரஸ்கிட்டப் போயிடறோம். முணுமுணுக்கக் கூடாது."

"முணுமுணுக்க மாட்டேன்."

பிரதி வந்தது. அவர் பேச வேண்டியது இதுதான்: மனைவி செத்துக்கொண்டிருந்த இரவில் அந்த விவசாயி வீட்டு வாசலில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். உள்ளே போகக் கால் வரவில்லை. போய்ப் பார்த்தபோது முடிந்திருந்தது. அதை மகளிடம் ஒப்புக்கொள்கிறான். படித்து முடித்ததும் ஹார்லன் மறுபடி முதலிலிருந்து படித்தார். இவ்வளவு வருஷமாக அவர் உள்ளே வைத்திருந்த ஒன்றுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது அது.

அவர் அப்பா நெப்ராஸ்காவில் சாகக் கிடந்தபோது அம்மா போன் செய்தாள், "உடனே வாடா" என்று. அப்போது அவருக்கு இரண்டு நாள் வேலை இருந்தது. கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே, "அந்தாளு பின்வாசல் வழியாப் போனான்" என்று சொல்லும் மதுக்கடைக்காரர் வேலை. நாளைக்கு வேலையை முடித்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தார். அப்பா அன்று சாயங்காலமே போய்விட்டார். அடக்கத்துக்குப் போனார், அழுகை வரவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று அத்தைகள் பேசிக்கொண்டார்கள். அழுகை வராததற்குக் காரணம் கல்நெஞ்சு இல்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது தொண்டைக்குள் ஏதோ ஏறி வந்தது. வந்த அதே நேரத்தில் மண்டைக்குள் ஒரு குரல், 'இதை வீணாக்காதே' என்றது. அப்படியே விழுங்கிவிட்டார்.

கேட்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும், மனதைத் திறந்து சொல்வதானால், தன்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது என்பார்கள். ஒரு துக்கத்தைச் செலவழிக்காமல் வைத்திருப்பார்கள், என்றைக்காவது தகுந்த காட்சி வரும் என்று. ஹார்லன் அப்பாவின் சாவை அப்படித்தான் வைத்திருந்தார். மதுக்கடைக்காரருக்கும் நீதிபதிக்கும் அது தேவைப்படவில்லை. இப்போது நேரம் வந்துவிட்டது.

மகளாக நடித்தவள் மார்லா க்வின், ஷாம்பு விளம்பரத்தில் தலையைச் சிலுப்பியே பேர் வாங்கிய இருபத்து நான்கு வயதுப் பெண். திமிர் பிடித்தவளாக இருப்பாள் என்று ஹார்லன் எதிர்பார்த்து வந்தார். அவள் காலையிலேயே வந்து கை கொடுத்து, "மிஸ்டர் விடெக், எனக்கு ரொம்ப பயமா இருக்கு. நீங்க பக்கத்துல இருக்கறது நல்லதாப் போச்சு" என்றாள்.

முதலில் இருவரும் தெரிகிற மாதிரி அகல ஷாட் எடுத்தார்கள். ஹார்லன் அளந்துதான் கொடுத்தார். பிரதியை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கவனிக்கும் அம்மாள் வந்து, "ஹார்லன், 'வண்டி'ன்னு சொல்றப்ப காபிக் கோப்பையத் தூக்கினீங்க. இனிமே எல்லா ஷாட்டுலயும் அங்கயே தூக்கிடுங்க, இல்லன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது" என்றாள். தலையாட்டினார். சாப்பாடு இடைவேளையில் ரொட்டியும் குளிர்ந்த இறைச்சியும் வைத்தார்கள். அவர் தொடவில்லை. வயிறு காலியாக இருந்தால் குரலில் தெரியும் என்று ஒரு கணக்கு.

இடைவேளைக்குப் பிறகு மார்லாவின் முகம். அவள் மேசை முன்னால் உட்கார்ந்தாள். காமிராவை ஒட்டி ஒரு மரப்பெட்டியைப் போட்டு ஹார்லனை உட்கார வைத்தார்கள். அவர் தன் வசனத்தைச் சொன்னார், பிசகில்லாமல், அளவாக, மூட்டையை அவிழ்க்காமல். அவள் கேட்டாள். அழகாகக் கேட்டாள். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. டைரக்டர் லோவல் ஆஷ் மறுபடி எடுத்தார். மறுபடியும் எடுத்தார். அவள் காதருகே போய் ஏதோ சொன்னார். விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவன் கொட்டாவி விட்டான். தயாரிப்பாளர் ஓரத்தில் நின்று கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஹார்லனுக்குத் தெரியும், இவள் எடுத்துக்கொள்ளும் நேரம் முழுக்கத் தன் பங்கிலிருந்து போகிறது என்று. ஆறு மணிக்கு மேல் ஆட்களை வைத்திருக்க முடியாது. விளக்கைத் திருப்பி வைக்கவே ஒரு மணி நேரம் ஆகும்.

அடுத்த டேக்குக்கு முன்னால் அவள் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"மிஸ்டர் விடெக், எனக்கு ஒண்ணுமே வரல. எங்கப்பா எங்கள விட்டுட்டுப் போனப்ப எனக்கு ரெண்டு வயசு. அப்பான்னா எப்படி இருப்பாருன்னே தெரியாது. நான் எத நெனச்சு அழறது?"

"பயப்படாதம்மா. வரும்."

"நீங்க வசனத்த ஒப்பிக்கறீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கிட்டப் பேசுங்களேன். ஒரே ஒரு தடவ."

மேசைக்குக் கீழே அவள் விரல்கள் ஒன்றையொன்று பிய்த்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். சரி, கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம் என்று நினைத்தார். கொஞ்சமே கொஞ்சம். இவள் சீக்கிரம் முடித்தால் நமக்கும் நேரம் கிடைக்கும்.

"உங்கம்மா உள்ள இருந்தா. நான் வாசல்லயே வண்டில உக்காந்திருந்தேன்" என்று ஆரம்பித்தார்.

அது கொஞ்சமாக வருகிற சமாச்சாரம் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது வரியில் அவர் மதுக்கடை டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான்காவது வரியில் அம்மா போனில் "வாடா" என்றாள். அதற்கப்புறம் வசனத்தை அவர் சொன்னாரா, அது தானாக வந்ததா என்று தெரியவில்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் விழுங்கியது அத்தனையும் மேலே வந்தது. மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. கையில் இல்லாத கோப்பையை 'வண்டி' என்ற வார்த்தையில் தூக்கினார். எதிரே அந்தப் பெண்ணின் முகம் உடைந்தது. வாய் கோணி, அழகெல்லாம் போய், அப்பா இல்லாத ரெண்டு வயசுக் குழந்தை மாதிரி அழுதாள்.

'கட்' சொல்ல டைரக்டருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஒலிவாங்கியைத் தூக்கிப் பிடித்திருந்தவன் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்தான். மார்லா ஓடி வந்து ஹார்லனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். லோவல் வந்து முதுகில் தட்டினார்.

"பிரமாதம் ஹார்லன்! பிரமாதம். உங்க பக்கம் எடுக்கறப்ப இதையே அப்படியே குடுத்துடுங்க."

இதையே அப்படியே. சட்டை மாற்றிக்கொள்ளச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

விளக்குகளைத் திருப்பி வைக்கும் நேரத்தில் ஹார்லன் செட்டுக்குப் பின்னால் மரச்சட்டங்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டார். அப்பாவை நினைத்தார். அப்பாவின் தொப்பி, தும்மல், கிடங்கின் தூசி. எல்லாம் நினைவுக்கு வந்தது, எதுவும் வலிக்கவில்லை. உடம்பு லேசாக இருந்தது, காய்ச்சல் விட்டவன் உடம்பு மாதிரி. எத்தனையோ வருஷம் கழித்து அன்றைக்குத்தான் மனுஷர் அப்பாவுக்காக அழுது முடித்திருந்தார். வேறு எவனுக்காவது அது நிம்மதியாக இருந்திருக்கும். இவர் தொப்பியிலிருந்து மறுபடி நினைத்துப் பார்த்தார், வலிக்கிறதா என்று.

கூப்பிட்டார்கள். மேசை முன்னால் உட்கார்ந்தார். காமிரா முதல்முறையாக அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றது. மார்லா தன் ஓய்வு வண்டிக்குப் போகவில்லை. மரப்பெட்டியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். போயிருந்தாலாவது அவள் மேல் பழி போட்டிருக்கலாம். அவள் அவருக்காக அழுதாள், ஒவ்வொரு டேக்கிலும், ஒளிவுமறைவில்லாமல். எதிரே ஒருத்தி அப்படி அழ, ஹார்லன் வசனத்தை ஒப்பித்தார். தான் ஒப்பிப்பது தன் காதிலேயே விழுந்தது.

"இன்னும் ஒண்ணு போவோம்" என்றார் லோவல். பிறகு, "இன்னும் ஒண்ணு." பிறகு தயாரிப்பாளர் அவர் காதில் ஏதோ சொன்னார்.

ஒப்பனைக்காரப் பெண் சின்னக் குழல் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் கற்பூரம் மாதிரிக் காரமான ஒன்று இருக்கும். கண்ணில் ஊதினால் தண்ணீர் கொட்டும். அதை உபயோகிக்கிறவர்களை ஹார்லன் வாழ்நாளெல்லாம் கேலி பண்ணியிருக்கிறார்.

"கொஞ்சம் ஊதட்டுமா, ஹார்லன்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஊதும்மா."

தண்ணீர் வந்தது, நிறையவே வந்தது. "ஆ, கிடைச்சிடுச்சு! எல்லாரும் கிளம்பலாம்" என்றார் லோவல். 'கிடைத்துவிட்டது' என்று எந்தக் குரலில் சொன்னால் என்ன அர்த்தம் என்பது இருபத்தாறு வருஷக்காரருக்குத் தெரியாதா.

வீட்டுக்குப் போனதும் நோரீன், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு" என்றார். பல் துலக்கிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

படம் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நோரீன் மாட்டிறைச்சியை அடுப்பில் வேகப் போட்டுவிட்டுத் தலைமுடியைச் சுருட்டிக்கொண்டு, யாரோ விருந்துக்கு வருவது மாதிரி உடுத்தி உட்கார்ந்தாள். அந்தக் காட்சி வந்தது. ஹார்லனின் முகம் திரை முழுக்க நிறைந்தது, நரைத்த புருவமும் கலங்கிய கண்ணுமாக.

"முகம்!" என்று நோரீன் கை தட்டினாள். "ஏய், முகம்யா! என் புருஷன் முகம்!"

இரண்டு வரி ஓடியது. பிறகு படம் மார்லாவின் முகத்துக்குப் போனது. போனது போனதுதான், திரும்பி வரவில்லை. வசனம் முடியும்வரை திரையில் அவள்தான் இருந்தாள். ஆனால் குரல் ஹார்லனுடையது. அவளை எடுத்தபோது காமிராவை ஒட்டி உட்கார்ந்து அவர் பேசிய அந்தக் குரலையே அப்படியே வைத்திருந்தார்கள். அதைவிட நல்லது அவர்களுக்கு எங்கே கிடைக்கும்?

நோரீனின் கைகள் மடியில் இறங்கின. அவள் டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஹார்லனைப் பார்த்தாள்.

"இது உங்கப்பா" என்றாள்.

"ஆமா."

"அடக்கத்தன்னிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல நீ. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"ஆமா."

"அப்ப இப்படி அழறப்ப உன் மூஞ்சி எங்கய்யா இருந்துச்சு?"

"காமிராவுக்குப் பக்கத்துல."

அவளுக்குப் புரிய நேரமாகவில்லை. அந்தத் தொழிலோடு அவளும் அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள். எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அவளுக்குக் கோபம்தான், யார் மேல் என்று அவளுக்கே தெரியாத கோபம். இறைச்சி காய்ந்துபோயிருந்தது, இருவரும் சாப்பிட்டார்கள்.

படம் முடிந்ததும் நெப்ராஸ்காவிலிருந்து அம்மா போன் செய்தாள். எண்பத்திரண்டு வயது, காது அவ்வளவு சரியில்லை.

"பாத்தேன்டா. அந்தப் பொண்ணு என்னமா அழறா! நீ ஏன்டா கொஞ்ச நேரம்தான் வந்த?"

"அவ்வளவுதான்மா வேஷம்."

"சரி சரி. நல்லாச் சாப்பிடு. மூஞ்சி வத்திப்போய்த் தெரியுது."

பத்திரிகைகளில் மார்லாவைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதினார்கள். ஷாம்புப் பெண்ணுக்குள் இப்படியொரு நடிகையா என்று ஊரே வாய் பிளந்தது. ஹார்லன் பெயரும் ஒரு பத்திரிகையில் வந்தது, எழுத்துப் பிழையோடு. போன் அடிக்கவில்லை. நோரீன் ரஸ் பேச்சை எடுக்காமல் இருந்தாள். அவள் எடுக்காமல் இருப்பது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

டிசம்பரில் பேர்ல் கூப்பிட்டாள். அவள் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. சுற்றி வளைத்தாள்.

"மார்லாவுக்குப் பெரிய சினிமா கிடைச்சிருக்கு. நீ வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. நீ இல்லாம பண்ண மாட்டேங்கறா, தெரியுமா?"

"என்ன வேஷம்?"

"வேஷம் இல்ல."

"புரியல."

"படத்துல அப்பாவா பண்றது வேற பெரிய ஆளு. அவரு அவளோட குளோசப்புக்கெல்லாம் நின்னு வசனம் சொல்லமாட்டாராம். அதனால நீ காமிராவுக்குப் பக்கத்துல நின்னு சொல்லணுமாம். படத்துல வர மாட்ட. ஆனா நல்ல சம்பளம், ஹார்லன். இதுவரைக்கும் நீ வாங்காத சம்பளம். அவ அதக் கேவலமா நெனைக்கல. மரியாதையாத்தான் கேக்கறா. பாவம், அந்தப் பொண்ணுக்கு அதத் தவிர வேற மாதிரிக் கேக்கத் தெரியல."

ஹார்லன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"என்ன சீன்?"

"அப்பா சாகறாரு. அவ பக்கத்துல உக்காந்திருக்கா."

"எப்ப எடுக்கறாங்க?"

"மார்ச்சு, ஏப்ரல்ல. பண்றியா? பண்ணுடா செல்லம்."

"இல்ல பேர்ல்" என்றார் ஹார்லன். "எங்கிட்ட இன்னொரு அப்பா இல்ல."

பேர்லும் பழைய ஆள்தான். ஒரு காலத்தில் அவளும் நடிக்க வந்தவள். "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

நோரீன் பாத்திரம் கழுவிக்கொண்டே அவர் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முகம் தொங்கியிருந்தது. எப்போதும் போல அவரைச் சீண்டித் தூக்கிவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஏன்யா, அப்பாதான இல்ல? உங்கம்மா இன்னும் இருக்காங்கன்னு சொல்ல வேண்டியதுதான?" என்றாள் சிரித்துக்கொண்டே.

சொன்ன பிறகுதான் அவளுக்கே சுட்டது. "அய்யோ, சும்மா சொன்னேன்" என்று திரும்பினாள். ஹார்லன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. போன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், முகம் வெளுத்துப்போயிருந்தது.

"என்னய்யா?"

"நான் பேர்ல்கிட்ட எப்ப எடுக்கறாங்கன்னு கேட்டேன்ல."

"ஆமா, கேட்ட."

"மார்ச்சுன்னு சொன்னா." அவர் போன் கம்பியை விரலில் சுற்றினார். "அதுக்குள்ள அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமான்னு மனசு கணக்குப் போட்டுச்சு, நோரீன். நான் போடல. அதுவாப் போட்டுச்சு."

குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நோரீன் அதை நிறுத்தினாள். தன்னைத் திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் திட்டவில்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"ரஸ்ஸுக்குப் போன் போடு" என்றார் ஹார்லன்.

"இப்பவேவா? நாளைக்கு யோசிச்சு..."

"இப்பவே போடு. பெயின்ட் விக்கறதுக்கு யாரும் சாக வேண்டாமில்ல?"

அவள் எண்களைச் சுழற்றினாள்.